வேர்ல்ட் வார் ஸெட்டா, டிரெயின் டு பூசானா?

ஒன்று சுமார் 19 கோடி டாலர் செலவில் எடுத்த படம். மற்றது சுமார் 85 லட்சம் டாலரில் முடிந்துவிட்டது. ஹாலிவுட்டின் 'வேர்ல்ட் வார் ஸெட்' 2013இல் வந்தது, கொரியாவின் 'டிரெயின் டு பூசான்' 2016இல். நாகர்கோவிலில் ஆனாலும் சரி, மார்த்தாண்டத்தில் ஆனாலும் சரி, ஜோம்பி பட ரசிகர் நாலு பேர் கூடினால் எது உசத்தி என்ற சண்டை இந்த இரண்டுக்கும்தான். வாய்பிளந்து பார்க்க முதல் படம், பயப்பட இரண்டாவது படம் என்பது என் கட்சி. காரணம் கிராஃபிக்ஸ் இல்லை, ஜோம்பி எப்படி நடந்துகொள்ளும் என்று படம் வகுக்கும் விதி. (இரண்டின் முடிவும் கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

வேர்ல்ட் வார் ஸெட்டின் விதி 12 நொடி. கடிபட்டவன் பன்னிரண்டு எண்ணுவதற்குள் மாறிவிடுவான். பிலடெல்பியா தெருவிலேயே இதை நம் மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால்தான் பிறகு ராணுவப் பெண் செகெனின் கையைக் கடித்ததும் பிராட் பிட் கையை வெட்டிவிட்டு எண்ணத் தொடங்கும்போது நாமும் சேர்ந்து எண்ணுகிறோம். அருமையான இடம். ஆனால் அதே விதிதான் படத்தின் அடிமடியிலும் கை வைக்கிறது. கடல் தாண்டிப் பரவும் நோய்க்கு, ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும் சில நாட்கள் வேண்டும். கோவிட் 14 நாள் வரை பதுங்கியிருந்ததால்தான் விமானம் ஏறி ஊர் ஊராகப் போனது. பன்னிரண்டு நொடியில் வெறிபிடிப்பவன் போர்டிங் பாஸ் வாங்கி வரிசையில் நிற்பானா? படத்துக்கு மூலமான மேக்ஸ் புரூக்ஸின் 2006 நாவலில் நோய் மெதுவாக ஊர்வதால் இந்தச் சிக்கலே எழாது. படம் வேகத்தை எடுத்துக்கொண்டு தர்க்கத்தை விட்டுவிட்டது.

ஜெருசலேம் மதில் காட்சிக்கே பாதிக் காசு போயிருக்கும் என்று தோன்றும். ஒலிபெருக்கியில் பாட்டு, வெளியே சத்தத்துக்கு மொய்க்கும் கூட்டம், ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குவியும் உடல்கள். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் அவ்வளவு உயர மதிலைக் கட்டியவர்கள் அதன் வெளிப்பக்கத்தைக் கவனிக்க ஆள் வைக்கவில்லையா? கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு, திருவிதாங்கூரின் எல்லைக் காவலாக இருந்த ஆரல்வாய்மொழிக் கோட்டைவரிசையின் கதை தெரியும். 1809 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை அதை நேருக்கு நேர் முட்டி உடைக்கவில்லை, தெற்குப் பக்கத்துக் குன்றில் இரவோடிரவாக ஏறிப் பிடித்தது. யாரும் ஏற மாட்டார்கள் என்று நம்பிய பக்கம்தான் மதிலுக்கு ஆபத்து. படத்தில் அப்படி ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தால் அந்த வீழ்ச்சி இன்னும் வலித்திருக்கும்.

பூசான் படத்தின் ஜோம்பிக்கு இரண்டே குறை: இருட்டில் கண் தெரியாது, கதவைத் திறக்கத் தெரியாது. முழுப் படமும் இந்த இரண்டில் ஓடுகிறது. கண்ணாடிக் கதவில் தண்ணீர் தெளித்துச் செய்தித்தாளை ஒட்டி மறைக்கிறார்கள். சுரங்கம் வரும் நேரம் பார்த்து அடுத்த பெட்டிக்கு நகர்கிறார்கள், மேலே சாமான் வைக்கும் தட்டில் ஊர்ந்து போகிறார்கள். ஒவ்வொரு தப்பித்தலுக்கும் காரணம் முன்னாலேயே சொல்லப்பட்டிருக்கிறது. கேடிஎக்ஸ் என்ற கொரிய அதிவேக ரயிலில் பெட்டிக்குப் பெட்டி கதவு இருப்பதால்தான் இந்தக் கதை. நம்மூர் பழைய முன்பதிவில்லாப் பெட்டியில் அடுத்த பெட்டிக்குப் போக வழியும் கிடையாது, ஜன்னலில் கம்பி வேறு. நாகர்கோவிலில் ஏறினால் பக்கத்து இரணியல் வருவதற்குள் படம் முடிந்துவிடும்.

இதிலும் ஓட்டை உண்டு. முதலில் ஏறும் பெண் சீக்கிரம் மாறிவிடுகிறாள். கதாநாயகன் கோங் யூவுக்கோ மகளிடம் கடைசியாகப் பேசி, எஞ்சின் ஓரத்துக்கு நடந்து போகும் அளவுக்கு நேரம் கிடைக்கிறது. கையில் கடித்தால் விஷம் மெதுவாக ஏறும் என்று ரசிகர்கள் முட்டுக் கொடுப்பார்கள். படம் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பெரிய பட்ஜெட்டின் இன்னொரு விலை பிஜி-13 சான்றிதழ். போட்ட காசை எடுக்கப் பதின்வயதினரும் தியேட்டருக்கு வர வேண்டும், அதனால் ரத்தம் திரைக்கு வெளியே போய்விட்டது. ஜோம்பியின் மண்டையில் சிக்கிய கம்பியைப் பிட் இழுக்கும்போதுகூடக் கேமரா அவர் முகத்தில்தான் நிற்கிறது. மாஸ்கோவில் பெரிய சண்டையோடு முடியும்படி எடுத்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு, வேல்ஸ் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் புது முடிவைப் பிறகு எழுதி எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், படத்தில் உண்மையாகவே நடுங்க வைப்பது அந்தப் பகுதிதான். நீண்ட வராந்தா, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஜோம்பிகள், கண்ணாடிக்கு அப்பால் பல்லைக் கடகடவென்று அடிக்கும் ஒருவன், அவ்வளவே. நோயாளியை ஜோம்பி தொடாது என்ற யோசனையும் நல்ல யோசனை. ஆனால் நோய்க்கிருமியைத் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்ட சற்று நேரத்திலேயே பிட் அவற்றின் நடுவே நடந்து போகிறார். கிருமி உடம்பில் பெருக மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆகுமே!

தமிழில் 'மிருதன்' (2016) இருக்கிறதே என்பார்கள். ஊட்டியில் நாயிலிருந்து தொடங்கும் நோய், தண்ணீரைக் கண்டால் அஞ்சும் ஜோம்பி. வெறிநாய்க்கடியிலிருந்து எடுத்த அந்த விதி மூன்று படங்களிலும் நமக்கு நெருக்கமானது. அதை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டியிருக்கலாம், ஜெயம் ரவியின் துப்பாக்கி இடத்தை அடைத்துக்கொண்டது.

வீட்டில் பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வேர்ல்ட் வார் ஸெட் தியேட்டர் வடிவம் 116 நிமிடம். 123 நிமிட வடிவம் கிடைத்தால் அதையே பாருங்கள், வெட்டிய ரத்தம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தகரக் கூரையில் கொட்டும் இரவில் மட்டும் வேண்டாம். கடைசி அரைமணி நேரம் காலில் தட்டும் டப்பாச் சத்தத்தை நம்பி நடக்கிறது, அது காதில் விழாவிட்டால் வெறும் வராந்தா. பூசானுக்கு மழை பிரச்சினையில்லை, வெளிச்சம்தான் பிரச்சினை. சுரங்கக் காட்சியில் டியூப்லைட் எரிந்தால் திரையில் நம் முகம்தான் தெரியும். கொரிய ஒலியையே வைத்துக்கொண்டு சப்டைட்டில் போடுங்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் (அசைவை மென்மையாக்கும் செட்டிங்) ஓடினால் அணைத்துவிடுங்கள். மூட்டு மூட்டாக முறுக்கிக்கொண்டு எழும் அந்த உடல்களின் வெட்டு அசைவு அதில் வழுவழுவென்று ஆகி, டிவி சீரியல் போலத் தெரியும்.