குனியாமல் கொல்லையைச் சுத்தம் செய்ய: ஒரு தட்டும் ஒரு வாரியும்

நாய் வளர்க்கும் மூத்தவர்கள் நாய்க்கழிவை அள்ளிக் கொல்லையைச் சுத்தம் செய்ய எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் உறுதியானது. இடுப்பளவு உயரக் கைப்பிடி வைத்த அலுமினியத் தட்டு ஒன்று, அதே உயரத்தில் பல் வைத்த வாரி ஒன்று. இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். விசையை அழுத்தினால் வாய் திறக்கும் ஒற்றைக்கை இடுக்கி வகையைத்தான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். பார்க்க வசதியாகத் தெரியும். வாதம் பிடித்த கைக்கு அது ஆகவே ஆகாது.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 72. செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வலது முழங்காலில் செயற்கை மூட்டு, விரல்களில் வாதம். வீட்டில் நானும் இரண்டு நாய்களும்தான். ராஜா, அல்சேஷன் கலப்பு, 30 கிலோவுக்கு மேல் இருப்பான். செல்லி சின்னவள், முருங்கை மரத்தடியை விட்டு நகரமாட்டாள். ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகன் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "கொல்லையைக் கூட்டவே உங்களால் முடியவில்லை, நாய்களை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் அம்மா" என்பான். அக்கறையால் சொல்கிறான். ஆனால் இரவில் வாசல் கேட் அசைந்தால் குரைக்க ராஜா இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் கண் மூடுகிறேன். எங்கள் தெருவில் கணவரை இழந்த அக்கா ஒருவர், கழிவை அள்ள முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தன் நாயைக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் மாலையில் வெளியே வந்து உட்காருவதில்லை. அந்த நிலை இன்னொருவருக்கு வரக் கூடாது என்றுதான் ஒரு தட்டையும் வாரியையும் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கொல்லை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்து வைக்க 1950-இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தை வைத்து, 1960-களில் இந்தியர்களை நகருக்குள்ளிருந்து கிளப்பி இங்கே குடியேற்றினார்கள். மேகசின் பாரக்ஸில் இருந்த நகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள், அப்படி வந்தவர்கள்தான். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. மேடும் பள்ளமுமான நிலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். என் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் சிமெண்டுத் தளம், பிறகு இரண்டு படி, அதற்குக் கீழே சரிவில் அடர்ந்து படரும் கிக்குயு புல். ஓரத்தில் கறிவேப்பிலையும் மாமரமும். ஆகவே இங்கே விற்கிற எந்தக் கருவியும் சிமெண்டு, புல், சரிவு மூன்றிலும் வேலை செய்தாக வேண்டும்.

என் அப்பா டர்பன் தெருக்களைக் கூட்டியவர். துடைப்பத்தின் கைப்பிடி தன் நெஞ்சுக்கு வரவில்லை என்றால் தொடமாட்டார். "உயரம் ஒத்து வராத கருவி சாயங்காலம் முதுகில் ஏறி உட்காரும்" என்பார். கடையில் நான் அதைத்தான் பார்த்தேன். தட்டைத் தரையில் நிறுத்தி, நிமிர்ந்து நின்று, முழங்கை லேசாக மடங்கும் நிலையில் பிடி கைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான் வாங்கிய தட்டின் கைப்பிடி 90 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. உயரமானவர்களுக்கு இது போதாது, குனிய வைத்துவிடும். அவர்கள் திருகி நீட்டும் கைப்பிடியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

குனிவதைப் பற்றி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், நானே செவிலியர் என்பதால். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குனிந்து சட்டென்று நிமிரும்போது தலை சுற்றும். ஈரப் புல்லில், சரிவில், கையில் பையோடு தலை சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வயதானவர்களின் இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. ஒரு நாய்க்கழிவுக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

இடுக்கி வகையில் குறை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் விசையின் எதிர்ப்பை விரல்கள் வெல்ல வேண்டும். ராஜா அளவு நாய் இருக்கும் வீட்டில் ஒரே நடையில் பல தடவை அழுத்த வேண்டியிருக்கும். மறுநாள் காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது கட்டைவிரல் அடி வலிக்கும். கிக்குயு புல்லின் தண்டுகளையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும், பாதி கீழே நின்றுவிடும். தட்டும் வாரியும் வைத்துச் செய்யும்போது விரலுக்கு வேலையே இல்லை. இடது கையில் தட்டு தரையில் ஊன்றி நிற்கிறது, வலது கை தோளிலிருந்து இழுக்கிறது. ஊன்றிய தட்டு சரிவில் எனக்குக் கைத்தடியாகவும் உதவுகிறது. மேலிருந்து கீழாக நடக்காமல் குறுக்காக நடந்து, வரிசை வரிசையாக முடிப்பேன்.

வாரியின் பற்களைக் கவனியுங்கள். மிக நெருக்கமாக இருந்தால் புல்லில் சிக்கும், அகலமாக இருந்தால் செல்லி போடுவது நழுவிவிடும். என்னுடையது ஒரு விரல் இடைவெளி கொண்டது, இரண்டு நாய்களுக்கும் சரியாக இருக்கிறது. சிமெண்டில் பல் பயன்படாது. அதற்குத் தட்டையான தகடு வேண்டும். சில பெட்டிகளில் வாரி, தகடு இரண்டும் சேர்ந்தே வருகின்றன, அதுதான் நல்லது. நான் கொடுத்த விலை 350 ராண்டுக்குள். இரும்பில் செய்தது மலிவு, ஆனால் டர்பனின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் துரு ஏறிவிடும். பிளாஸ்டிக் தட்டு வெயிலில் காய்ந்து ஓரம் வெடிக்கும். அலுமினியத்தில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, எடையும் குறைவு.

குறைகள் இல்லாமல் இல்லை. கைப்பிடித் துண்டுகளை இணைக்கும் திருகு அடிக்கடி தளர்கிறது. முடுக்க வலுவான கை வேண்டும், பக்கத்து வீட்டுத் தம்பியிடம்தான் கேட்கிறேன். தட்டில் பையை மாட்டக் கொக்கி கிடையாது. நான் மூடி போட்ட வாளி ஒன்றில் பையை விரித்து, படியருகே வைத்துக்கொள்கிறேன். மிகப் பெரிய குறை, இளகிய மலத்துக்கு இந்தக் கருவி உதவாது. அதன்மேல் உலர்ந்த மணலோ மரத்தூளோ தூவிச் சற்று நேரம் விட்டு அள்ள வேண்டும். அதைவிட, இளகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம், கறிக்குழம்பு ஊற்றிய சோறு எல்லாம் நாய்க்குப் போகிறது. மசாலாவும் எண்ணெயும் அதன் வயிற்றைக் கலக்கும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஒரே வகைத் தீவனத்தை நேரம் தவறாமல் கொடுத்தால் மலம் கெட்டியாகிறது, அள்ளுகிற வேலையும் பாதியாகிறது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ள வேண்டும்? முடிந்தால் தினமும், கோடையில் வாரத்துக்கு இரண்டு தடவைக்குக் குறையவே கூடாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் கொக்கிப்புழுவின் முட்டை பொரிந்து, ஒரு வாரத்துக்குள் தோலைத் துளைத்து நுழையக்கூடிய குஞ்சுப் புழுவாகிவிடும். டர்பனில் மணற்புழு என்று எல்லோருக்கும் தெரிந்த, காலில் கோடு கோடாகத் தடித்து அரிக்கும் அந்தத் தொல்லை இதனால்தான் வருகிறது. உருண்டைப்புழுவின் முட்டை தொற்றும் நிலைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். வந்துவிட்டால் ஆண்டுக் கணக்கில் மண்ணில் கிடக்கும், மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளைத்தான் அதிகம் பிடிக்கும். ஈக்கும் இந்த வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும், முட்டையிலிருந்து பறக்கத் தொடங்கிவிடும். நாம் விளக்கேற்றும்போது வெறுங்காலோடு கொல்லையில் நிற்கிறவர்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் ஓடுவார்கள். கருவி கையில் இருந்தும் பத்து நாள் விட்டுவிட்டால் பயன் இல்லை. நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புழுமருந்து கொடுப்பதும் இதோடு சேர்ந்தது.

அள்ளிய பிறகு மருந்து தெளிக்கிற பழக்கம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் அந்தக் கறுப்புத் திரவத்தின் வாசனை வந்தால்தான் சுத்தம் என்று நம்பி வளர்ந்தோம். அதிலுள்ள தார் அமிலங்கள் நாயின் பாதத்தைப் புண்ணாக்கும். பாதத்தை நக்கினால் உள்ளேயும் போகும், பூனைக்கு இன்னும் மோசம். புழு முட்டைகளையோ அது கொல்வதில்லை. நாய் சிறுநீர் கழித்த சிமெண்டில் பிளீச் ஊற்றவே ஊற்றாதீர்கள், சிறுநீரோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும். சிமெண்டுக்குச் சோப்புத் தண்ணீரும் தேய்க்கும் பிரஷும் போதும். புல்லை ஒட்ட வெட்டி வெயில் படவிடுங்கள்.

குழாயைத் திறந்து எல்லாவற்றையும் வடிகாலுக்குத் தள்ளிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மழைநீர் வடிகால் கழிவுநீர்க் குழாயோடு சேர்வதில்லை. சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேராக ஆற்றுக்குப் போகிறது. எங்கள் வடக்குப் பக்கத்தில் உம்ஹ்லதுசானா ஆறு, அது டர்பன் துறைமுகத்தில் கலக்கிறது. தெற்கே உம்லாஸ், அது கடலுக்கு. பையில் கட்டி, இன்னொரு பையில் போட்டு, குப்பை எடுக்க வருகிற நாளில் வெளியே வைப்பதுதான் முறை. முந்தைய இரவே வைத்தால் விடிந்ததும் குரங்குகள் கிழித்துப் பரப்பிவிடும். கீரைப் பாத்திக்கு எரு என்று புதைப்பதும் வேண்டாம். மாட்டுச் சாணத்தைப் போல இதை நினைக்கக் கூடாது.

இந்தக் கருவி எல்லோருக்கும் ஆகாது. நடைச்சட்டம் பிடித்து நடப்பவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை பலமில்லாதவர்கள், பார்வை மங்கியவர்கள் இதை வாங்கவே வேண்டாம். வாரம் இரண்டு நாள் வந்து செய்து கொடுக்கிற ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வருகிறவரிடம் மூன்று விஷயத்தைக் கேளுங்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகுமுன் காலணியின் அடியையும் கருவியையும் கழுவுகிறாரா? நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸும் புழு முட்டையும் அதில்தான் பயணம் செய்யும். போகும்போது கேட்டைப் பூட்டி இழுத்துப் பார்க்கிறாரா? கழிவில் இரத்தமோ புழுவோ கண்டால் உங்களிடம் சொல்கிறாரா? எங்கள் தெரு அக்காவிடம் இதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு ஆளைப் பார்த்துப் பேசிவிட்டார். அடுத்த மாதம் விலங்குப் பாதுகாப்பகத்துக்குப் போய், வயதான, அமைதியான நாய் ஒன்றைக் கேட்கப் போகிறாராம். கூடவே வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.