ஏழு வருடம் கூடவே வந்த 500 ரூபாய் மேட்: கேம்பிங் சாமான்கள் பற்றி என் அனுபவம்

2018 டிசம்பரில் முதன்முதலாக டென்ட் வாங்கினேன். இருவர் படுக்கும் அளவு, 3,200 ரூபாய். கூடவே ஆளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை), ஒன்று 1,400 ரூபாய். எடுத்துக்கொண்டு நானும் மச்சானும் கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறைக்குப் போனோம். சும்மா கிடந்த ஒரு வயலின் ஓரத்தில், சொந்தக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டு டென்ட் போட்டோம். கீழே விரிக்க எதுவும் கொண்டுபோகவில்லை. ஸ்லீப்பிங் பேக்கே மெத்தை மாதிரி இருக்கிறதே, போதும் என்று நினைத்தோம்.

இரவு ஒரு மணிக்கு மேல் தூக்கமே இல்லை. மேலே கதகதப்பாக இருந்தது, முதுகு மட்டும் விறைத்துப்போனது. காலையில் அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். “ஏந் தம்பி, வெறுந்தரையிலயா படுத்தீங்க? ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாக்கு குடுத்திருப்பேன்ல” என்றார். அன்று இரவு நாலு சாக்கும், உள்ளே திணிக்கக் காய்ந்த புல்லும் கொடுத்தார். விடியும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை.

காரணம் எளிது. பஞ்சுக்குள் அடைந்திருக்கும் காற்றுதான் உடல் சூட்டைப் பிடித்து வைக்கிறது. நாம் படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். பிறகு முதுகுக்கும் மண்ணுக்கும் நடுவே வெறும் துணிதான். 10,000 ரூபாய் பேக்காக இருந்தாலும் இதுதான் நடக்கும். அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கீழே விரிக்க மேட் வாங்குங்கள் என்பதுதான். ஊர் திரும்பியதும் 10 மி.மீ. தடிமனில் ஃபோம் மேட் இரண்டு வாங்கினேன், ஒன்று 500 ரூபாய். ஓரமெல்லாம் பிய்ந்திருக்கிறது, ஆனால் இன்றுவரை அதில்தான் படுக்கிறேன். நடுவில் ஆசைப்பட்டுக் காற்றடிக்கும் மேட் ஒன்றும் வாங்கினேன். படுக்க அருமையாகத்தான் இருந்தது. சிறுமலை அடிவாரத் தோட்டம் ஒன்றில் கருவேல முள் ஏறி, நள்ளிரவில் காற்றெல்லாம் இறங்கிவிட்டது. சைக்கிள் பஞ்சர் பசை போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. முள் நிறைந்த நம் ஊர்த் தரைக்கு ஃபோம்தான் சரி.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது லேபிளைப் பொறுமையாகப் படியுங்கள். சில பேக்குகளில் இரண்டு மூன்று வெப்பநிலை போட்டிருக்கும். அதில் ‘கம்ஃபர்ட்’ என்று இருப்பதுதான் நமக்கானது. ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைக்கும் எல்லை, தூங்குவதற்கானது இல்லை. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பி வாங்கக் கூடாது. ஏலகிரி, கொல்லிமலைக்கு நல்ல போர்வை ஒன்றும் மேட்டும் போதும். கொடைக்கானல், ஊட்டிக்கு டிசம்பர், ஜனவரியில் போவதானால் கம்ஃபர்ட் 5 டிகிரியோ அதற்கும் கீழேயோ இருக்கட்டும்.

டென்ட் விஷயத்தில் இரண்டு அடுக்கு கட்டாயம். உள்ளே வலைத்துணி அறை, மேலே தனி மழைவிரிப்பு. 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒற்றை அடுக்கு டென்டில் நண்பர் ஒருவரோடு ஒரு இரவு படுத்திருக்கிறேன். மழையே பெய்யவில்லை, ஆனாலும் நாங்கள் விட்ட மூச்சே துணியில் நீராகக் கோத்து விடிகாலையில் முகத்தில் சொட்டியது. மழைவிரிப்பு தரைக்கு அருகே வரை இறங்க வேண்டும். தொப்பி மாதிரி உச்சியை மட்டும் மூடும் டென்ட் சாரலுக்குத் தாங்காது. டென்ட் லேபிளில் 2000 மி.மீ. என்று போட்டிருந்தால், அவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். நம் மலை மழைக்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அடியில் தார்ப்பாய் விரிப்பவர்கள் அது டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காதபடி மடித்துவிடுங்கள். ஏலகிரியில் ஒரு ஐப்பசி மழையில், நீட்டியிருந்த தார்ப்பாய் கூரைத் தண்ணீரை எல்லாம் பிடித்து எங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்தது.

வாங்குவதைவிட வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது. 2023இல் பரணிலிருந்து டென்டை இறக்கிப் பிரித்தபோது குப்பென்று புளித்த நாற்றம். மழைவிரிப்பின் உட்புறம் பலாப்பால் தடவியது மாதிரி பிசுபிசுத்தது. விரலால் தேய்த்தால் பூச்சு சுருள் சுருளாக உரிந்து வந்தது. தண்ணீரைத் தடுப்பதே அந்தப் பாலியூரித்தேன் பூச்சுதான். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அது சிதைந்துவிடும். சென்னைப் பரணில் இரண்டுக்கும் குறைவில்லை. முந்தைய பயணத்தில் லேசான ஈரத்தோடு மடித்துவைத்தது நான்தான். உரிந்த பூச்சை மீட்க வழியில்லை. இப்போது உள்கூடும் கம்பிகளும் பழையவை, மேலே கயிறு கட்டி இழுத்துவிட்ட தார்ப்பாய். அழகில்லை, ஆனால் மழைக்கு நிற்கிறது.

அதற்குப் பிறகு, ஊர் திரும்பிய அன்றே மொட்டை மாடிக் கொடியில் போட்டு உலர்த்திவிடுகிறேன். நாள்கணக்கில் வெயிலில் விட்டாலும் துணி மக்கிவிடும், அதனால் காய்ந்ததும் எடுத்துவிடுவேன். ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்னப் பையில் இறுக்கித் திணித்து வைப்பதில்லை. பழைய தலையணை உறைக்குள் தளர்வாக வைத்தால் பஞ்சு செத்துப்போகாது. ஜிப் முரண்டு பிடித்தால் மெழுகுவத்தியால் பல்லில் தேய்த்துவிடுவேன்.

அடுப்பு அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். ரயிலில் கேஸ் கொண்டுபோகக் கூடாது. காட்டோரத்தில் நெருப்பே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டி எத்தனை பேரை இழந்தோம் என்பது நினைவிருக்கும். டென்டுக்குள் அடுப்போ கரியோ எக்காரணம் கொண்டும் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். எங்களுக்கு முதல் நாள் புளிசாதம், மறுநாள் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். வெந்நீருக்கு ஒரு ஃபிளாஸ்க். தலையில் மாட்டும் லைட்டுக்கு மட்டும் 600 ரூபாய் செலவழித்தேன். இருட்டில் டென்ட் ஆணி அடிக்க இரண்டு கையும் வேண்டுமே. தங்குவது எப்போதும் தனியார் இடத்தில், கேட்டுக்கொண்டுதான். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போய்ப் படுப்பது குற்றம்.

அடுத்த மாதம் தங்கை மகன் நண்பர்களோடு ஏலகிரி போகிறான், டென்ட் கேட்டிருக்கிறான். நேற்று மாடியில் போட்டுப் பார்த்தேன். கம்பிகளுக்கு உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு தொய்ந்து, இரண்டு கம்பி ஒன்றோடொன்று சேர மறுக்கிறது. அவன் வருவதற்குள் மாற்றிவைக்க வேண்டும்.