முதல் டஜன் கோல்ஃப் பந்து: இரண்டடுக்கா, மூன்றடுக்கா, குளத்துப் பந்தா?

கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் புதிதாக மட்டை பிடிப்பவருக்கு மூன்று வழி உண்டு. சர்லின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டடுக்குப் பந்து, யூரித்தேன் என்ற மென்மையான உறை போட்ட மூன்றடுக்குப் பந்து, குளத்திலும் புதரிலும் பொறுக்கித் துடைத்து விற்கிற பழைய பந்து. முதல் வருடத்துக்கு என் ஓட்டு இரண்டடுக்குக்குத்தான். என் பையில் இருப்பதும் அதுதான்.

எடை, அளவைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. பெயருள்ள கம்பெனிப் பந்துகள் எல்லாம் இதற்குள் அடங்கும். ‘மென்மையான பந்து தூரம் போகும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதற்கும் பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டாம். மட்டையை மெதுவாகச் சுழற்றுகிறவருக்கு அந்த வித்தியாசம் சில கெஜம்தான். குழியை நோக்கி உருட்டும் மட்டையான பட்டரில் படும்போது கேட்கும் சத்தம், கையில் தெரியும் அதிர்வு இரண்டும் மாறும். எது பிடிக்கும் என்பது அவரவர் கையைப் பொறுத்தது.

மூன்றடுக்குப் பந்து விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. டைட்லிஸ்ட் கம்பெனி 2000-இல் இறக்கிய புரோ வி1 இந்த வகையில் பேர்போனது. கூடுதல் காசுக்குக் கிடைப்பது கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரைக்குப் பக்கத்தில் தெரியும்: 30, 40 கெஜத்திலிருந்து வெட்ஜால் (பந்தை உயரத் தூக்கும் குட்டை மட்டை) அடித்தால் மெல்லிய யூரித்தேன் உறை மட்டையின் கோடுகளில் பிடித்துக்கொள்ளும், பந்து நன்றாகச் சுழலும், விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிடும். ஆனால் அதற்கு மட்டை முதலில் பந்தைத் தொட வேண்டும், பிறகுதான் மண்ணை. புதியவர் பெரும்பாலும் மண்ணைத்தான் முதலில் வெட்டுகிறார். இடையில் புல்லும் ஈரமும் மாட்டினால் எந்த உறையாலும் சுழற்சி கொடுக்க முடியாது. மட்டையின் விளிம்பு பந்தின் நடுவில் பட்டால் எந்தப் பந்தும் கிரீனைத் தாண்டித்தான் ஓடும். தூரம் அடிக்கும் நீள மட்டையான ட்ரைவரில் இரண்டு ரகத்துக்கும் வித்தியாசம் சொற்பம். வலது கைக்காரர் அடித்தது வலப்பக்கம் வளைந்து ஓடுகிறதென்றால், மட்டை வரும் பாதையைவிட அதன் முகம் வலப்பக்கம் திறந்திருக்கிறது என்று பொருள். பந்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

இப்போது தீர்மானிக்கிற விஷயத்துக்கு வருவோம்: தொலைவது. ஆரம்பத்தில் 18 குழிக்கு நாலைந்து பந்து போவது சாதாரணம். ஒரு டஜன் மூன்று ஆட்டத்தைத் தாண்டாது. 2019-லிருந்து பந்தைத் தேட 3 நிமிடம்தான், முன்பு 5. கிடைக்காவிட்டால் ஓர் அபராத அடியோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். டீயில், அதாவது குழியின் தொடக்க இடத்தில் அடித்தது தொலைந்தால் அடுத்தது மூன்றாவது அடி. அதனால் சந்தேகம் வந்த உடனே ‘புரோவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. இந்தக் கணக்கில் விலை உயர்ந்த பந்து கையையே கெடுக்கும். எதிரே தண்ணீர் தெரிந்ததும் பிடி இறுகும், மட்டை வீச்சு பாதியில் நிற்கும், பந்து நேரே தண்ணீருக்குள் போகும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பந்து தொலைவதை இன்னும் கூட்டும். அம்மியே பறக்கும் காற்றில் 46 கிராம் பந்து என்ன செய்யும்! எதிர்க்காற்றில் சுழற்சி அதிகமான பந்து மேலே எழும்பி, தயங்கி, முன்னாலேயே விழும். பக்கவாட்டு வளைவும் பெரிதாகும். பந்தைத் தாங்கும் டீ ஆணியைத் தாழ்த்துங்கள், ஒரு எண் நீளமான மட்டையை எடுத்து மெதுவாகச் சுழற்றுங்கள். இரும்பு மட்டையில் இரண்டடுக்குப் பந்து சற்றுக் குறைவாகச் சுழலுவது இங்கே கைகொடுக்கும்.

நிறமும் தொலைவதோடு சேர்ந்ததுதான். செம்மண் தெரிகிற ஓரங்களில் சிவப்பும் ஆரஞ்சும் மறைந்துபோகும். மழைக்காலப் பச்சையில் பளபளப்பில்லாத மஞ்சள் தூரத்திலேயே கண்ணில் படும். பழுத்த இலை உதிர்ந்து கிடக்கும் மர நிழலில் மட்டும் மஞ்சள் ஏமாற்றும், அங்கே வெள்ளை மேல்.

குளத்துப் பந்து மலிவுதான். எத்தனை நாள் தண்ணீரில் ஊறியது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, நெடுநாள் ஊறினால் தூரம் குறையும். மேலே புதுப் பெயின்ட் அடித்து வருவதை வாங்கவே வேண்டாம், பெயின்ட் பந்தின் மேலுள்ள சிறு பள்ளங்களை அடைத்தால் பறக்கும் விதமே மாறும். இதைவிடப் பெரிய குறை, பையில் ஆறு பந்து ஆறு ரகமாக இருப்பது. ஒன்று விழுந்த பிறகு எட்டடி உருளும், இன்னொன்று பதினைந்தடி. கை எதைத்தான் கற்றுக்கொள்ளும்? தண்ணீரைத் தாண்டிப் பழக மட்டும் அவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே கால்வே சூப்பர்சாஃப்ட், டைட்லிஸ்ட் ட்ரூஃபீல் போன்ற இரண்டடுக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே ரகத்தில் இரண்டு டஜன் வாங்குங்கள். சர்லின் உறை கெட்டி. கல்லிலும் வண்டிப்பாதையிலும் பட்டாலும் அதிகம் சிதையாது. ஒரு குழியை ஆடி முடிப்பதற்குள் வெறும் சிராய்ப்புக்காகப் பந்தை மாற்ற விதி விடாது, வெட்டோ விரிசலோ இருந்தால்தான் மாற்றலாம் என்பதால் இந்தக் கெட்டித்தனம் உதவும்.

ஒரே பந்து 9 குழி தாங்க ஆரம்பித்ததும் மூன்றடுக்கில் மூன்று பந்து மட்டும் வாங்கிப் பாருங்கள். 30 கெஜத்திலிருந்து ஒரே வெட்ஜால் இரண்டு ரகத்திலும் மூன்று மூன்று பந்தை மூன்று சுற்று அடித்து, விழுந்த இடத்திலிருந்து எத்தனை அடி உருண்டது என்று காலால் அளந்து குறியுங்கள். இரண்டு வரிசையும் ஒன்றுபோல இருந்தால் பழைய பெட்டியையே தொடருங்கள்.