கிர்பியின் நாயகன், கிங்கின் கதை: ‘மிஸ்டர் மிராக்கிள்’ தொகுப்பு

டாம் கிங் எழுதி மிட்ச் ஜெராட்ஸ் வரைந்த ‘மிஸ்டர் மிராக்கிள்’ காமிக்ஸ் தொடர் 2017 ஆகஸ்டில் தொடங்கி 2018 நவம்பரில் 12ஆம் இதழுடன் நிறைவுற்றது. 2019இல் ஒரே தொகுப்பாக வெளிவந்து, அதே ஆண்டில் சிறந்த குறுந்தொடருக்கான ஐஸ்னர் என்னும் காமிக்ஸ் விருதையும் பெற்றது. விருது கிடைத்தும் இந்நூலைப் பற்றிய சண்டை அடங்கவில்லை. இதன் நாயகனை முதலில் படைத்த ஜாக் கிர்பியின் வாசகர்களில் ஒரு சாரார் இதை அவருக்குச் செய்த துரோகம் என்கிறார்கள்; இன்னொரு சாரார் கிர்பிக்குப் பிறகு அந்த நாயகனுக்குக் கிடைத்த மிகச் சிறந்த கதை இதுவே என்கிறார்கள். கிர்பியின் மூல இதழ்களையும் இத்தொகுப்பையும் அடுத்தடுத்து வாசித்த பிறகு இரண்டாம் தரப்பின் பக்கமே நான் நிற்கிறேன். ஆயினும் முதல் தரப்பின் குற்றச்சாட்டில் ஓரிடத்தில் முழு நியாயம் இருப்பதையும் மறுக்க முடியவில்லை.

அக்குற்றச்சாட்டை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவதே முறை. கிர்பி டி.சி. காமிக்ஸ் நிறுவனத்துக்கு வந்து ‘நான்காம் உலகம்’ என்று பின்னாளில் அழைக்கப்பட்ட கதைத்தொகுதியை உருவாக்கினார். அதன் ஒரு பகுதியாக 1971இல் பிறந்தவன், ‘மிஸ்டர் மிராக்கிள்’ என்ற பெயரில் தப்பிக்கும் வித்தை காட்டும் ஸ்காட் ஃப்ரீ. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான உடை, எந்தச் சங்கிலியாலும் கட்டிவைக்க முடியாத கைகள், எந்த ஆபத்திலும் கலங்காத மனம் ஆகியவையே அவன். அத்தொகுதியின் ‘நியூ காட்ஸ்’ போன்ற தொடர்கள் 1972இலேயே நிறுத்தப்பட்டபோதும் ‘மிஸ்டர் மிராக்கிள்’ மட்டும் 18 இதழ்கள் வரை தாக்குப்பிடித்து 1974இல் முடிந்தது. அத்தகைய நாயகனைக் கிங் முதல் இதழின் தொடக்கத்திலேயே தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவனாக நம் முன் நிறுத்துகிறார். எல்லாவற்றிலிருந்தும் தப்பிப்பவனின் மகிழ்ச்சியைப் பறித்துவிட்டால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அந்த வாசகர்கள் கேட்கிறார்கள்.

இதற்கு விடை கிர்பியின் பக்கங்களிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். 1972இல் வெளிவந்த ‘நியூ காட்ஸ்’ 7ஆம் இதழில், நியூ ஜெனிசிஸ் என்ற ஒளியுலகின் தலைவரான ஹைஃபாதரும் அதன் எதிரி உலகமான அப்போகலிப்ஸின் கொடுங்கோலனான டார்க்சைடும் போரை நிறுத்துவதற்காகத் தங்கள் மகன்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். டார்க்சைடின் மகன் ஓரியன் ஒளியுலகில் வளர்கிறான். ஹைஃபாதரின் மகன் கிரானி குட்னெஸ் நடத்தும் அநாதை இல்லத்தில், குழந்தைகளை அடித்து நொறுக்கிப் போர்வீரர்களாக்கும் அந்த நரகத்தில் வளர்கிறான். அவனே ஸ்காட். அதே ஆண்டில் வந்த ‘மிஸ்டர் மிராக்கிள்’ 9ஆம் இதழில் அவன் அங்கிருந்து தப்பியோடும் கதையைக் கிர்பி வரைந்தார். அதில் வரும் கொடூரங்கள் சிறுவர்களுக்கான ஒரு பத்திரிகையில் அச்சானவை என்பதை இன்று நம்புவதற்கே கடினமாக இருக்கிறது. பெற்ற தந்தையே சமாதானத்துக்கு விலையாகக் கொடுத்துவிட்ட பிள்ளை வளர்ந்து பெரியவனான பிறகு உள்ளுக்குள் எதைச் சுமந்துகொண்டிருப்பான் என்ற கேள்வியைக் கிர்பி எழுப்பினார். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ் என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சாகசத் தொடரில் அங்கே நின்று விடை தேட அவருக்கு இடம் இருக்கவில்லை. கிங் நின்றிருக்கும் இடம் அதுதான். மூலத்திலிருந்து மிகத் தொலைவில் விலகிவிட்டது போலத் தோன்றும் பக்கங்களிலேயே இந்நூல் கிர்பிக்கு மிக அருகில் இருக்கிறது.

சொல்முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பெரும்பாலான பக்கங்கள் மூன்றுக்கு மூன்று என ஒரே அளவிலான 9 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. போர்க்களமானாலும் வீட்டுச் சோஃபாவானாலும் கட்டத்தின் அளவு மாறுவதில்லை. வழக்கமான சூப்பர் ஹீரோ காமிக்ஸில் சண்டை வந்தால் பக்கம் விரியும், பேச்சு வந்தால் சுருங்கும்; இங்கே இரண்டுக்கும் ஒரே இடம், ஒரே நேரம். 6ஆம் இதழில் ஸ்காட்டும் அவன் மனைவி பார்டாவும் நியூ ஜெனிசிஸின் காவல் பொறிகளை ஒவ்வொன்றாகக் கடந்து உள்ளே செல்கிறார்கள். ஆயுதங்கள் பாய்கின்றன, காவலர்கள் விழுகிறார்கள். அவர்களோ தங்கள் குடியிருப்பை எப்படி மாற்றியமைப்பது என்பதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு போகிறார்கள். வேடிக்கையான காட்சிதான். ஆனால் வன்முறைக்குள்ளேயே வளர்ந்த இருவருக்குச் சண்டை மூச்சுவிடுவதைப் போலப் பழகிப்போயிருக்கிறது என்பதையும், அவர்களுக்குக் கடினமானது ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்வதுதான் என்பதையும் இந்த ஓர் இதழ் எந்த விளக்கமும் இன்றி உணர்த்திவிடுகிறது. 8ஆம் இதழில் கணவனும் மனைவியும் முறைவைத்துப் போருக்குச் செல்கிறார்கள். ஒருவர் போர்முனையில் இருக்கும்போது மற்றவர் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். இரத்தமும் பால் புட்டியும் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி வரும் அந்த இதழுக்கு இணையாக அண்மைக்காலத்தில் நான் எதையும் வாசிக்கவில்லை.

ஜெராட்ஸ் ஓவியம், வண்ணம் இரண்டையும் தாமே செய்திருப்பதால் ஸ்காட்டின் மனம் குலையும் இடங்களில் படமும் சேர்ந்தே குலைகிறது. அலைவரிசை சரியாகக் கிடைக்காத பழைய தொலைக்காட்சித் திரையில் உருவங்கள் பிசிறடிப்பதைப் போல முகங்கள் விலகி மறுபடி ஒன்றுசேர்கின்றன. பார்டாவை அவர் வரைந்திருக்கும் விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். கணவனைவிட உயரமும் உடல் வலிமையும் மிக்கவளாகக் கிர்பி படைத்த அந்தப் பெண், இங்கே சிறிய குளியலறையிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் அதே பேருருவோடு, அதே நேரத்தில் களைப்போடும் இருக்கிறாள். போர்த் தெய்வத்தை வீட்டுப் பெண்ணாகச் சுருக்கிவிட்டார்கள் என்ற குறையை என்னால் ஏற்க முடியவில்லை. இந்நூலில் நிலைகுலையாமல் நிற்கும் ஒரே ஆள் அவள்தான்.

கிர்பியின் மீது கிங்குக்கு இருக்கும் பற்று இன்னும் நுட்பமான இடங்களிலும் தெரிகிறது. குழந்தைக்கு ஜேக்கப் என்று பெயரிடுகிறார்கள். ஜாக் கிர்பியின் இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஃபங்கி ஃப்ளாஷ்மேனிடம் வருகிறது. அவன், மார்வெல் நிறுவனத்தில் கிர்பியோடு பணியாற்றிய எழுத்தாளர் ஸ்டான் லீயின் மீது கிர்பிக்கு இருந்த கசப்பெல்லாம் திரண்டு 1972இல் உருவான கேலிச்சித்திரம். அந்தப் பாத்திரமும் ஜேக்கப் என்ற பெயருடைய குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்து கதைகளைக் கற்பனை செய்கிறார்கள். காமிக்ஸ் வரலாற்றின் மிகப் பெரிய மனக்கசப்புகளில் ஒன்றை இத்தனை கனிவோடு தொட்டவர் வேறொருவர் என் நினைவுக்கு வரவில்லை.

இனி, எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டில் நியாயமான இடத்துக்கு வருகிறேன். அது ஓரியன். கிர்பியின் ஓரியன், தந்தையிடமிருந்து வந்த வெறியோடு ஒவ்வொரு நாளும் போராடுபவன். தன் உண்மையான முகத்தின் கோரத்தைப் பிறர் காணாமல் மறைத்து வாழ்பவன். அந்தப் பரிமாற்றத்தில் பலியானவர்கள் இருவர். ஸ்காட்டின் துயரத்துக்கு நிகரான மறுபாதி அவனிடம் இருக்கிறது. கிங்கோ அவனை ஆணவம் பிடித்த தலைவனாக, ஸ்காட்டின் வீட்டுக் கூடத்திலேயே விசாரணை நடத்தி மரண தண்டனை விதிப்பவனாக மட்டும் காட்டுகிறார். பரிமாறப்பட்ட இரு பிள்ளைகளில் ஒருவனுக்கு 12 இதழ்களைத் தந்துவிட்டு மற்றவனுக்கு ஓர் இரக்கப் பார்வைகூடத் தராதது இந்நூலின் பெரிய குறை. ‘டார்க்சைட் இருக்கிறான்’ என்ற சொற்களைத் தாங்கிய கறுப்புக் கட்டங்களும் முதல் சில இதழ்களில் ஏற்படுத்தும் அச்சத்தைப் பிற்பகுதியில் இழந்துவிடுகின்றன. அந்த இழப்பை 11ஆம் இதழ் ஓரளவு ஈடுசெய்கிறது: டார்க்சைட் நேரில் வந்து, தட்டிலிருக்கும் கேரட் துண்டை எடுத்துத் தொட்டுத் தின்னும் காட்சியில், எந்தக் கறுப்புக் கட்டத்திலும் இல்லாத பயங்கரம் இருக்கிறது.

முடிவைப் பற்றிய விவாதம் தனி. நடப்பதெல்லாம் உண்மையா, ஸ்காட்டின் மயக்கமா, மரணத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வெளியா என்பதைக் கிங் உறுதிசெய்வதில்லை. இதை ஏமாற்று வேலை என்பவர்களும் உண்டு. நூல் கேட்கும் கேள்வி அதுவல்ல என்றே நான் கருதுகிறேன். தான் வாழும் வாழ்க்கை மெய்யா என்று உறுதியாகத் தெரியாத நிலையிலும் ஒருவன் தன் குழந்தைக்காக அதில் தங்கிவிட முடிவெடுக்கிறானா என்பதுதான் கடைசி இதழின் பிரச்சினை. அதற்கு அவன் தெளிவாகவே பதில் சொல்கிறான்.

உயிர்மாய்ப்பு முயற்சியைப் பற்றிய காட்சிகள் நேரடியானவை என்பதால், அவை மனத்தைப் பாதிக்கக்கூடியவர்கள் முதல் இதழை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். மற்றவர்களுக்கு என் பரிந்துரை, முதலில் நான் குறிப்பிட்ட கிர்பியின் இரண்டு 1972 இதழ்களை வாசித்துவிட்டு இத்தொகுப்புக்கு வருவதே. கிர்பியை அறியாமலும் இக்கதை புரியும். ஆனால் ஜேக்கப்பைக் கொடுத்தால் போர் நிற்கும் என்ற நிபந்தனை வரும்போது ஸ்காட்டின் முகத்தில் தெரிவதன் முழு எடையும், அவனுடைய தந்தை அதே நிபந்தனைக்கு என்ன பதில் சொன்னார் என்பதைக் கிர்பியின் கையால் பார்த்தவர்களுக்கே கிடைக்கும்.