பெட்டியில் 35 கிலோ, தராசில் 6 கிலோ

அந்தமானில் பெரிய மீன் பிடிக்க வேண்டும், தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் மட்டும் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால் போதும் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், காசை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்தது 6,800 ரூபாய்தான். ஆனால் அந்த ரீலை நம்பி விமான டிக்கெட்டுக்கும் படகு வாடகைக்கும் அறைக்கும் கொட்டியது அதைப்போல எட்டு மடங்கு.

சென்னையில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடை. பெயரைச் சொல்லவில்லை, அதே சரக்கு வேறு ஸ்டிக்கரோடு வேறு கடைகளிலும் தொங்குகிறது. பத்து வருடமாகக் கரையிலிருந்து தூண்டில் போடுகிறவன் நான். சீலா, கட்டா, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வஞ்சிரம். தூண்டில்காரர்கள் ஜிடி என்று சொல்லும் ராட்சதப் பாறை மீனோடு மட்டும் மோதியதில்லை. 20 கிலோ, 30 கிலோ எடையில் பவளப் பாறை ஓரமாக வேட்டையாடும் மீன் அது. தூண்டில் பட்டதும் நேராகப் பாறைக்குள் தலையைக் கொடுக்கும். அதற்குள் நிறுத்தாவிட்டால் நூல் பாறையில் உரசி அறுந்துவிடும். எனவே இதற்கு வாங்கும் ரீலில் முதலில் பார்க்க வேண்டியது டிராக். மீன் இழுக்கும்போது நூலை இறுக்கிப் பிடித்தபடியே சீராக விடுகிற பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“சார், ஜப்பான் ரீல் லட்ச ரூபாய் ஆகும். இதுவும் அதே தரம்தான், பெயருக்குக் கொடுக்கிற காசுதான் மிச்சம்” என்றார் கடைக்காரர். பெட்டியின் மேல் மயில் மீன் ஒன்று துடுப்பை விரித்துத் துள்ளிக்கொண்டிருந்தது. கீழே 13+1 பேரிங், 35 கிலோ டிராக், கடல்நீருக்கு ஏற்றது என்று அச்சடித்திருந்தார்கள். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய் போல ஓடியது. கடையில் சுமை இல்லாமல் சுற்றும்போது எல்லா ரீலும் வெண்ணெய்தான். அது அன்று என் புத்திக்கு எட்டவில்லை. பின்னல் இழையான பிரெய்டு நூலையும் அங்கேயே சுற்றிக் கொடுத்தார்கள். அடியில் நாலு சுற்று நைலான் நரம்பு இல்லாமல் நூல் சுற்றும் வழவழப்பான உருளையான ஸ்பூலில் நேராகப் பிரெய்டைச் சுற்றினால், இழுவை வரும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வழுக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது.

இரண்டாம் நாள் காலை, பாறைத் திட்டின் ஓரத்தில் பாப்பரை, அதாவது தண்ணீர் மேல் தெறித்து வரும் செயற்கை இரையை, வீசி இழுத்துக்கொண்டிருந்தேன். நாலாவதோ ஐந்தாவதோ வீச்சில் தண்ணீர் வெடித்தது. கோல் வளைந்தது. நல்ல டிராக் என்றால் ஒரே சீரான சீறல் கேட்க வேண்டும். என் ரீலோ கிர்ர்... என்று ஓடி நின்றது, மறுபடி கிர்ர்... என்று ஓடி நின்றது. நிற்கும் ஒவ்வொரு முறையும் நூல் வெடுக்கென்று இழுபட்டது. டிராக் குமிழை இன்னும் இறுக்கினேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். பின்னோக்கிச் சுற்றவே கூடாத கைப்பிடி தலைகீழாகச் சுழன்று என் விரல் கணுக்களில் அடித்தது. நகம் கறுத்துப்போனது. மீன் பாறைக்குள் போனது, நூல் தொய்ந்தது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது.

படகு ஓட்டியவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். ரீலை வாங்கி ஒரு முறை சுற்றிப் பார்த்தார். “அண்ணா, இதை ஏரிக்கு எடுத்துப் போங்கள்” என்றார். மிச்ச நாட்களுக்குத் தன்னுடைய பழைய ரீலைக் கொடுத்தார். அதற்குப் பிறகு மீன்தான் வரவில்லை.

ஊர் திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து ரீலைக் கழற்றினேன். டிராக்குக்குள் உராய்ந்து பிரேக் பிடிக்கும் கார்பன் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பளித் துணி போன்ற மூன்று வட்டங்கள் இருந்தன. உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. ஸ்பூலுக்கு மேலே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமே இல்லை. பெரிய கியரில் இரண்டு பல் உடைந்து சாம்பல் நிறப் பொடியாகக் கிரீஸில் கலந்திருந்தது. உடல் பிளாஸ்டிக், மேலே உலோக நிறப் பூச்சு. இழுவையில் உடல் நெளியும்போது கியர்கள் ஒன்றையொன்று விட்டு விலகும், பல் உடையும். பேரிங்கை எண்ணினேன். ஐந்துதான் இருந்தது.

டிராக் பாகம் உடையாமல் இருந்ததால், ஸ்பூலை மட்டும் மாட்டி, நூலின் முனையைத் தொங்கு தராசில் கட்டி இழுத்தேன். குமிழை முழுக்க இறுக்கியும் 6 கிலோவில் நழுவியது. விடாமல் இழுத்துச் சூடேறியதும் 4 கிலோவுக்கு இறங்கியது. நூலின் அறுபடும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக்கை வைப்பது வழக்கம். என் நூல் 30 கிலோ. அப்படியானால் ஏறக்குறைய 8 முதல் 10 கிலோ வரை சீராகப் பிடிக்க வேண்டும். ஸ்பூலில் நூல் குறையக் குறைய விட்டம் சுருங்கும், அதே இறுக்கத்துக்கு இழுவை ஏறும். விட்டம் பாதியானால் இழுவை இரண்டு மடங்கு. ஆகவே கால் பங்கில் தொடங்குவது நல்லது.

கடைக்குப் போனேன். உத்தரவாதம் உண்டு, ஆனால் “உப்புத் தண்ணீர் பட்டால் செல்லாது” என்றார்கள். கடல் ரீலுக்கு! பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். “அது கம்பெனி போட்டது, எங்களுக்குத் தெரியாது சார்.” ரசீதை எடுத்துப் பார்த்தால் ‘மீன்பிடி சாமான் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. மாதிரி எண் இல்லை, வரிசை எண் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தபோது அவர்கள் முதலில் கேட்டதும் மாதிரி எண்ணைத்தான்.

மலிவு என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஓடும் படகுக்குப் பின்னால் இரையை இழுத்துப்போய் மயில் மீனோ சூரையோ பிடிப்பதென்றால், பென் கம்பெனியின் செனட்டர் போன்ற பழைய உருளை ரீலை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். 1936-இல் வந்த வடிவம்; ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பிரித்து மாட்டலாம். ஷிமானோ டிஎல்டி வரிசையின் உடல் கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக்தான், இருந்தும் உழைக்கிறது. பிளாஸ்டிக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. பாப்பர் வீச இவை உதவாது. அதற்கு நான் பிறகு வாங்கியது பென் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் வரிசை. முழு உலோக உடல், கார்பன் வாஷர், தண்ணீர் புகாத அடைப்பு. நான் ஏமாந்த தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அந்த விலை கட்டுப்படியாகாது என்றால், வாடகைப் படகில் ரீலும் தருவார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள்.

எதை வாங்கினாலும், இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறைந்த தொங்கு தராசு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையிலேயே நூலைக் கட்டி இழுத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டே ரீலைப் பிடித்துக்கொள்வார். ஸ்பூல் குமிழைக் கழற்றி வாஷரைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. ரசீதில் மாதிரி எண்ணை எழுதாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

போன மாதம் அந்தக் கடைப் பக்கம் போனேன். அதே பெட்டி, அதே மயில் மீன். 35 கிலோவின் மேல் புதிதாக 40 கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். யாராவது இதை ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த 35 கிலோ கணக்கு அச்சாகியிருப்பது அதில் மட்டும்தான். நான் என்னுடையதை அந்தமான் அறையிலேயே விட்டுவிட்டு, கடைக்குப் போகும் முன் அங்கே போன் செய்து கெஞ்சித் தபாலில் வரவழைக்க வேண்டியிருந்தது.