மூன்று ஆபீஸ் வெர்ஷன், ஒரே மேக்ரோ: சில வருட அனுபவம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் கணக்கு அலுவலகத்தில், மாதக் கடைசியில் சம்பளச் சீட்டுகளைத் தயாரித்து அவுட்லுக் வழியாக அனுப்புவது ஓர் எக்ஸெல் மேக்ரோ, அதாவது எக்ஸெல் ஃபைலுக்குள்ளேயே எழுதிய சிறு நிரல். ஊழியர் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கணக்கும் அதே ஃபைலில்தான். 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய பணம் என்பதால் அது நின்றுபோகக் கூடாது. ஆனால் அதைத் திறக்கும் கணினிகளில் 2010, 2016, 365 என மூன்று விதமான ஆபீஸ் இருந்தன.

முதலில் வந்த தொல்லை ரெஃபரன்ஸ், அதாவது மேக்ரோ அவுட்லுக் போன்ற வேறு மென்பொருளைப் பயன்படுத்த ஃபைலில் குறித்து வைக்கும் இணைப்பு. 2010-இல் எழுதிய ஃபைலை 2016-இல் திறந்தால், அவுட்லுக் ரெஃபரன்ஸ் 14.0-இலிருந்து 16.0-க்குத் தானாகவே ஏறிவிடும். அங்கே சேவ் செய்து பழைய கணினிக்குக் கொண்டுவந்தால், ரெஃபரன்ஸ் பட்டியலில் ‘மிஸ்ஸிங்’ என்று நிற்கும். கொடுமை என்னவென்றால், எரர் அவுட்லுக் வரியில் வராது; சம்பந்தமே இல்லாத ‘டேட்’, ‘லெஃப்ட்’ வரியில் வரும். “அண்ணே, நேத்து ஓடுச்சே, இன்னிக்கு தேதியைக்கூட எடுக்க மாட்டேங்குது” என்று கிராணிப் பெண் கூப்பிட்டால், நான் நேராக ரெஃபரன்ஸ் பட்டியலைத்தான் திறப்பேன்.

இதற்கு நிரந்தர மருந்து லேட் பைண்டிங்: முன்கூட்டியே இணைத்து வைக்காமல், மேக்ரோ ஓடும்போது மட்டும் இணைப்பது. ரெஃபரன்ஸை எடுத்துவிட்டு, மாறிகளை வெறும் ‘ஆப்ஜெக்ட்’ என்று அறிவித்து, ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’ மூலம் அவுட்லுக்கை அழைத்தால், அந்தக் கணினியில் எந்த வெர்ஷன் இருக்கிறதோ அது வந்து நிற்கும். எழுதும்போது மட்டும் ரெஃபரன்ஸை வைத்துக்கொள்ளலாம். புள்ளி வைத்ததும் பட்டியல் விரிவது பெரிய உதவி. ஆட்களுக்குக் கொடுக்கும் முன் எடுத்துவிட வேண்டும்.

அப்போது, அறிவிக்காத பெயரை எரராகக் காட்டிவிடும் ‘ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்’ வரி கட்டாயம். ரெஃபரன்ஸ் போனதும் அவுட்லுக்கின் பெயர் வைத்த எண்களும் போய்விடும். ‘முக்கியத்துவம் அதிகம்’ என்பதன் மதிப்பு 2. அந்த வரியும் இல்லாமல், மதிப்பையும் அறிவிக்காமல் விட்டால் அது 0 ஆகி, அவசர மெயில் ‘முக்கியத்துவம் குறைவு’ என்று போய்ச் சேரும். எரரே வராது. எனக்கு எரரைவிட இதுதான் பயம்.

வெர்ஷன் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதை நான் நம்புவதில்லை. 2016, 2019, 2021, 365 எல்லாமே 16.0 என்றுதான் பதில் சொல்லும். ஆனால் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் ஃபங்ஷன் 2016-இல் கிடையாது, 365-இல் உண்டு. அதனால் பொது ஃபைலில் அதே வேலையைச் செய்யும் பழைய இன்டெக்ஸ், மேட்ச் மட்டுமே. 64-பிட் ஆபீஸுக்கு, விண்டோஸின் வசதிகளை நேரடியாக அழைக்கும் ஏபிஐ அறிவிப்புகளில் ‘பிடிஆர்சேஃப்’ என்ற சொல்லைச் சேர்த்ததோடு சரி; அது இல்லாவிட்டால் 64-பிட்டில் அவை ஓடாது.

2010-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 அக்டோபரிலேயே முடிந்தது. பாதுகாப்புக்காகவே அதை மாற்றச் சொல்லி முதலாளியிடம் விடாமல் கேட்டு, மாற்ற வைத்தேன். இப்போது கவலை எதிர்ப்பக்கம்: விண்டோஸின் புதிய அவுட்லுக், மேக்ரோ அழைத்தால் வராது. பழைய ‘கிளாசிக்’ அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்கிறது மைக்ரோசாஃப்ட். அதனால் சம்பளம் போடும் கணினிகளில் கிளாசிக்தான். மெயில் அனுப்பும் பகுதியை மட்டும் தனி மாட்யூலாகப் பிரித்துவிட்டேன். மாற்றும் நாள் வந்தால் சம்பளக் கணக்கில் கை வைக்க வேண்டியிருக்காது.