பில்லில் என்.டி. ஸ்கேன், ரிப்போர்ட்டில் வெறும் கோடு

மாசமாக இருப்பவர்களும், வீட்டில் மாசமான பெண்ணை வைத்திருப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அதுவும் "ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ்" என்று எங்காவது பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். நான் 35,000 ரூபாய் கட்டிய பிறகு தெரிந்துகொண்ட விஷயம் இது. மகனுக்கு இப்போது நாலு மாதம். தூளியில் போட்டுவிட்டு, அவன் எழுவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு கவுந்தப்பாடிப் பக்கம். கணவருக்குப் பெருந்துறை சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து வந்த முதல் கர்ப்பம் என்பதால், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று ஈரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும்.

7வது வாரம் முதல் ஸ்கேன். இதயத்துடிப்பைக் கேட்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், டாக்டர் அறைக்கு அடுத்த அறையில் ஒரு பெண் லேமினேட் செய்த அட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். மாதாமாதம் டாக்டர் பார்ப்பது, எல்லா ஸ்கேன், சுகப்பிரசவம், மூன்று நாள் ரூம் எல்லாம் அடக்கம். 45,000, நாளைக்குள் கட்டினால் 35,000. சிசேரியன் ஆனால் மேற்கொண்டு கட்ட வேண்டும். துடிப்பைக் கேட்டுவிட்டு வந்த கையோடு யாருக்குப் பேரம் பேசத் தோன்றும்? அத்தை சீட்டு எடுத்த பணம் வீட்டில் இருந்தது, மறுநாளே கட்டிவிட்டோம். ரசீதில் "டெலிவரி அட்வான்ஸ் 35,000" என்று ஒரே வரி. எதெல்லாம் அடக்கம் என்று அதில் இல்லை. அந்த அட்டைக்கு ஒரு நகல் கேட்டதற்கு, "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குங்க அக்கா" என்றார் அந்தப் பெண். போனில் ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

அப்புறம் ஊசி. வாரம் ஒன்று, "கரு தங்குற ஊசி" என்று போட்டார்கள். இது பேக்கேஜில் சேராதாம், ஊசி ஒன்றுக்கு 480. எனக்கு ரத்தப்போக்கு இல்லை, வலி இல்லை, முன்னால் கலைந்ததும் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் போடறதுதாங்க." ஏழு ஊசி போட்டுக்கொண்டேன். அது புரோஜெஸ்டிரான் ஊசி. முன்பு கரு கலைந்து, இப்போதும் ரத்தம் கசிகிற சிலருக்கு அதனால் பயன் உண்டு என்றும், காரணமே இல்லாமல் எல்லோருக்கும் போடுவது இல்லை என்றும் பிற்பாடு வேறொரு டாக்டர் சொன்னார். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். எதற்காக என்று கேட்டு, அந்தக் காரணத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

போர்டில் பெயர் இருக்கும் பெரிய டாக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். ஆறு தடவை போனதில் அவரைப் பார்த்தது இரண்டு தடவை. மற்ற நாளெல்லாம் டியூட்டி டாக்டர். காலை ஒன்பதுக்கு டோக்கன் போட்டால் ஒன்றரைக்குக் கூப்பிடுவார்கள். இதெல்லாம் எங்கேயும் இருப்பதுதான், இதற்காக நான் பதிவு போட வரவில்லை.

வந்தது என்.டி. ஸ்கேனுக்காக. குழந்தையின் கழுத்துக்குப் பின்னால், தோலுக்கு அடியில் இருக்கும் நீரின் தடிமனை அதில் அளப்பார்கள். கூடவே டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்து, இரண்டையும் அம்மாவின் வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாட்டுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வார்கள். இதற்குக் கறாரான காலக்கெடு உண்டு. 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரைக்கும்தான். குழந்தையின் நீளத்தை வைத்துச் சொன்னால் 45 மில்லிமீட்டரிலிருந்து 84 மில்லிமீட்டர் வரை. ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று போட்டிருப்பது அந்த நீளம்தான். அதைத் தாண்டிவிட்டால் அளந்தும் பிரயோஜனம் இல்லை. இதில் ஒரு எழுத்துகூட அன்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தேதி கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, அன்றைக்கு 12 வாரம் 1 நாள். கணவர் லீவு போட்டுக் கூட்டிப்போனார். "ஸ்கேன் டாக்டர் லீவுங்க, செவ்வாய்க்கிழமை வந்துருங்க." செவ்வாய் போனோம், மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு, "இன்னைக்கு வரமாட்டாருங்க, வெள்ளிக்கிழமை கண்டிப்பா." வெள்ளி போனால் மெஷின் சர்வீஸ் என்றார்கள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேன் அறையிலிருந்து ஒரு அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருகிறார். அவருக்குக் கிட்னி கல்லாம். கிட்னி பார்க்கிற மெஷின் வேறயோ என்னவோ என்று அன்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு 13 வாரம் 1 நாள். கையில் இன்னும் ஐந்து நாள் இருந்தது. "வெளியில எங்காச்சும் எடுத்துட்டு வரட்டுங்களா?" என்று ரிசப்ஷனில் கேட்டேன். "வெளி ஸ்கேன் நம்ம டாக்டர் பாக்க மாட்டாருங்க. பேக்கேஜ்லதான் இருக்கே, எதுக்கு அக்கா வேஸ்ட் பண்றீங்க? அடுத்த வெள்ளி வாங்க, ஒண்ணும் ஆகாது." வீட்டிலும் அதே பேச்சு. "காசு கட்டியாச்சு கண்ணு, இன்னொரு பக்கம் போயி எதுக்குத் தண்டம் அழுவோணும்?" என்றார் அத்தை. அவர்மீது தப்பே இல்லை. 35,000 அங்கே கிடக்கும்போது இன்னொரு இடத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் எடுத்துக்கொடுக்க யாருக்கும் கை வராது. பேக்கேஜில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துப் பார்த்திருந்தால், முதல் செவ்வாய்க்கிழமையே எழுந்து வேறு ஸ்கேன் சென்டருக்குப் போயிருப்பேன்.

அடுத்த வெள்ளி எடுத்தார்கள். "நார்மல்தான்மா" என்றார்கள். நானும் நிம்மதியாகிக் கோழி பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

16வது வாரம் எங்கள் ஊர் நர்ஸம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், வீட்டுக்கு வந்தார். தடுப்பூசி போட்டாயா, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாயா என்று விசாரித்துக்கொண்டே பிக்மி நம்பரை, அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்ததற்கான எண்ணைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டார்கள், 300 ரூபாய் வாங்கினார்கள் என்றேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, நாலு மாசம் ஆயிப்போச்சு, இன்னும் உம்பேரே பதியலையே" என்றார். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள். அதைப் பதிய ஒரு பைசா செலவில்லை. நர்ஸம்மாவே செய்து தருவார், 102க்குக் கூப்பிட்டும் முன்பதிவு செய்யலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் வாங்கத் தகுதி உள்ளவர்கள் 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். எனக்கு அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது.

அந்த மாதம் 9ஆம் தேதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார். மாதாமாதம் 9ஆம் தேதி கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பார்க்கும் திட்டம் 2016லிருந்து நாடு முழுக்க இருக்கிறது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். என் ஸ்கேன் ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டினார். "என்.டி. அளவு எங்கம்மா?" என்றார். மேலே தலைப்பில் என்.டி. ஸ்கேன் என்றுதான் அச்சாகியிருக்கிறது. உள்ளே என்.டி. என்ற சொல்லுக்கு நேரே ஒரு கோடு மட்டும். சி.ஆர்.எல். 86 மில்லிமீட்டர். வாரம் என்ற இடத்தில் 14 வாரம் 1 நாள். அளக்கவே இல்லை. அளக்கிற காலமும் போய்விட்டது. அதைத்தான் "நார்மல்தான்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டர் திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. 15லிருந்து 20 வாரத்துக்குள் குவாட்ரபிள் டெஸ்ட் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, முதல் சோதனை அளவுக்குக் குறைபாட்டைக் கண்டுபிடிக்காது, இருந்தாலும் உடனே எடுத்துவிடு, 19வது வாரம் குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேனைத் தள்ளிப்போடாதே என்றார். 24 வாரத்தைத் தாண்டிப் பெரிய குறைபாடு ஏதாவது தெரியவந்தால், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது மருத்துவ வாரியம் வரைக்கும் போகிற விஷயம், அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் நிதானமாக விளக்கினார். ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்ட் வரும்வரை நான் தூங்கின நாள் ஒன்றுகூட இல்லை. "அபாயம் குறைவு" என்று வந்தது. அனாமலி ஸ்கேனும் நல்லபடி வந்தது. அப்படி வராமல் போயிருந்தால் என்று இன்றைக்கும் நடுராத்திரியில் நினைப்பு வரும்.

ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டோம். குழந்தை நல்லாத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்றார்கள். ஃபைலைக் கேட்டால், "ஃபைல் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், தர முடியாது." வெளியே வந்தபோது அங்கே வேலை பார்க்கும் ஒருவர் படிக்கட்டில் வைத்து மெதுவாகச் சொன்னார்: என்.டி. பார்க்கிற டாக்டர் வெளியிலிருந்து வருபவராம், பத்து கேஸ் சேர்ந்தால்தான் கூப்பிடுவார்களாம். லீவு, மெஷின் சர்வீஸ் எல்லாம் கேஸ் சேருகிறவரை சொல்லும் கதை.

கணவரோடு வேலை பார்ப்பவரின் தம்பி வக்கீல். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும் என்றார். அதைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். வாயால் கேட்டபோது கிடைக்காத ஃபைல், தபால் போன நாலாவது நாள் நகலாகக் கைக்கு வந்தது. ஒவ்வொரு கர்ப்பகால ஸ்கேனுக்கும் எஃப் படிவத்தில் நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் இல்லையா, குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டேன் என்று? அந்தக் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதிதான் எனக்குச் சாட்சியானது. ஸ்கேன் எந்த நாள் எடுத்தது என்பதை அதற்கப்புறம் அவர்களால் மறுக்க முடியவில்லை.

பணத்தில் டாக்டர் பார்த்தது 4,200, இரண்டு ஸ்கேன் 5,000, "பேக்கேஜ் ரத்துக் கட்டணம்" 8,750 என்று கழித்துக்கொண்டு 17,050 திருப்பிக் கொடுத்தார்கள். ரத்துக் கட்டணம் என்று ஒன்று இருப்பதை எந்தக் காகிதத்திலும் நாங்கள் பார்த்ததில்லை. அந்த 5,000த்தில், எடுக்காத என்.டி. ஸ்கேனுக்கு 3,500! மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் எழுதியிருக்கிறோம். அடுத்தது நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

மிச்ச மாதமெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொண்டேன். அந்த லேமினேட் அட்டையில் "ஸ்பெஷல் சுகர் டெஸ்ட்" என்று தடித்த எழுத்தில் இருந்தது என்னவென்று அங்கேதான் தெரிந்தது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை, எனக்கு 112. காசு கேட்கவில்லை. பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில், சுகப்பிரசவம். கூட்டம் இருந்தது, ஃபேன் சரியாகச் சுற்றவில்லை. ஆனால் வாங்கிய காகிதம் ஒவ்வொன்றிலும் செய்தது என்ன என்று இருந்தது.

போன வாரம், அந்த ஆஸ்பத்திரி வரிசையில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா போன் செய்தார். அவருடைய தங்கச்சியும் அங்கேயே பேக்கேஜ் கட்டியிருக்கிறாளாம், ஸ்கேன் டாக்டர் லீவு என்று அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவிட்டார்களாம். எத்தனை வாரம் என்றேன். 13 வாரம் 1 நாள். கட்டின காசை மறந்துவிட்டு இன்றைக்கே வேறு இடத்துக்குக் கூட்டிப்போங்க அக்கா என்றேன். சாயங்காலம் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினார்கள். சி.ஆர்.எல். 71 மில்லிமீட்டர், என்.டி. 1.3 மில்லிமீட்டர். கோடு இல்லை.